டெம்பரேச்சர் முள்ளை மட்டும் நம்பி மலை ஏறாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே மாச லீவு வந்தா நம்ம கடலூர், பண்ருட்டி, நெய்வேலி பக்கத்துலேர்ந்து எத்தனை வேன் ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல்னு கெளம்புதுன்னு உங்களுக்கே தெரியும், அதுல எத்தனை வண்டி பாதி மலையில பானட்டை தூக்கிட்டு நிக்குதுங்கறதையும் பார்த்திருப்பீங்க. அதைப் பத்திதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போனா மன்னிச்சுக்கங்க, நாலு டிரைவர் நாலு ஓனர் இதை படிச்சாகணும்.

நான் மஞ்சக்குப்பத்துல இருக்கேன். அம்மாவுக்கு 78 வயசு, முட்டி சுத்தமா போயிடுச்சு, பஸ்ல ஏத்தி எங்கயும் கூட்டிட்டு போக முடியாது, ஆனா கோயில் பாக்கணும்னு ஆசை. அதனால 2016 மாடல் டீசல் வேன் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கி, பின்னாடி சீட்டெல்லாம் எடுத்துட்டு ஒரு கட்டில், சின்ன அடுப்பு மேடை, 100 லிட்டர் தண்ணி டேங்க், மூலையில ஒரு டாய்லெட்டுன்னு கேரவன் மாதிரி பண்ணி ஆர்சியிலயும் மாத்தி பதிஞ்சு வெச்சிருக்கோம். தண்ணி மட்டுமே 100 கிலோ, கட்டில் பலகை இரும்பு எல்லாம் சேர்த்தா வண்டி எந்நேரமும் லோடு அடிச்ச மாதிரிதான் ஓடும்.

மொத தடவை கொல்லிமலை போனப்ப 70 கொண்டை ஊசி வளைவுல பாதி கூட தாண்டல. டேஷ்போர்டுல டெம்பரேச்சர் முள்ளு நடுவுல அப்படியே நின்னுச்சு, நானும் எல்லாம் சரியாதான் இருக்குன்னு மிதிச்சிட்டே போனேன், திடீர்னு ஒரு நிமிஷத்துல முள்ளு சர்ருனு செகப்புக்கு ஏறிடுச்சு, நிறுத்தறதுக்குள்ள பானட்டுலேர்ந்து ஆவி. டிப் ஸ்டிக்கை இழுத்து பார்த்தா ஆயில் பால் ஊத்துன டீ மாதிரி இருந்துச்சு, ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீல்) போயிடுச்சு. அம்மாவை அந்த வெயில்ல வேற வண்டியில மாத்தி ஏத்துனது இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

அப்பறம் விசாரிச்சதுல ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. ஒண்ணு, அதுக்கு முன்னாடி ஒரு ஒர்க்‌ஷாப்ல ரேடியேட்டருக்கு கூலன்ட் (எஞ்சினை குளிர வைக்கற திரவம்) ஊத்தாம போர் தண்ணிய ஊத்தியிருக்காங்க. நம்ம கடலோரத்து போர் தண்ணி எப்படின்னு நம்ம வீட்டு குழாயில படியுற வெள்ளை உப்பை பார்த்தாலே தெரியும், அதேதான் ரேடியேட்டர் டியூப்புக்குள்ளயும் படிஞ்சு அடைச்சிருக்கு. ரெண்டாவதுதான் எனக்கு தூக்கிவாரி போட்டது. நிறைய வண்டியில அந்த முள்ளு உண்மையான சூட்டை அப்படியே காட்டாது, சுமார் 75 டிகிரிலேர்ந்து 105 டிகிரி வரைக்கும் எது இருந்தாலும் நடுவுலயே நிக்கற மாதிரி வெச்சிருக்காங்க, டிரைவர் சும்மா சும்மா பயப்படக் கூடாதுன்னு. அது நகர ஆரம்பிக்கும்போது நமக்கு டைமே இல்ல.

அதுக்கப்பறம் ஒரு சின்ன டிஜிட்டல் டிஸ்ப்ளே வாங்கி மாட்டினேன். ஸ்டீயரிங்குக்கு கீழ 16 பின் வெச்ச ஒரு சாக்கெட் இருக்கும், ஓபிடி போர்ட்னு சொல்லுவாங்க, மெக்கானிக் ஸ்கேனர் சொருகுவாரே அதேதான். அதுல ஒயரை சொருகுனா எஞ்சின் கம்ப்யூட்டர் தனக்குள்ள வெச்சிருக்கற கணக்கை அப்படியே நம்பரா காட்டும், கூலன்ட் டெம்பரேச்சர், பேட்டரி வோல்ட், ஆர்பிஎம், டர்போ பிரஷர், வண்டியில செக் எஞ்சின் லைட் எரிஞ்சா என்ன கோளாறுன்னு சொல்ற அந்த கோடு நம்பர் கூட. அமெரிக்காவுல 1996 மாடல்லேர்ந்து கார்ல இந்த போர்ட் கட்டாயம், அங்க மோட்டார்ஹோம் வெச்சிருக்கறவங்க ஸ்கேன்கேஜ் மாதிரி டிஸ்ப்ளேவை ரொம்ப வருஷமா மாட்டி ஓட்டுறாங்க.

போன வருஷம் ஏற்காடு ஏறுறப்ப நடந்ததை சொல்லணும். கடலூர்லேர்ந்து விருத்தாசலம், சின்னசேலம் வழியா சேலம் வரைக்கும் கூலன்ட் சூடு 88, 89 டிகிரின்னு அசையவே இல்ல. என் வீட்டுக்காரம்மா பக்கத்துல உக்காந்து நம்பரை சத்தமா படிச்சிட்டே வருவாங்க, நான் ரோட்டை விட்டு கண்ணை எடுக்கக் கூடாதுன்னு எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. மலை ஏற ஆரம்பிச்சதும் 94, 96. அது சகஜம். எட்டாவது வளைவு தாண்டி 99, 101, கட்டில்லேர்ந்து அம்மா "எவ்ளோடா இப்ப"ங்கறாங்க, 103. முள்ளை பார்த்தா அதே நடு கோட்டுல நிக்குது! ஏசிய ஆஃப் பண்ணிட்டு, வெயில்லயும் பரவால்லன்னு ஹீட்டரை ஃபுல்லா போட்டேன், எஞ்சின் சூடு கொஞ்சம் உள்ள இழுத்துக்கும், 101க்கு எறங்குச்சு, அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டினேன். கீழ குனிஞ்சு பார்த்தா ரேடியேட்டரோட கீழ் ஹோஸ் கிளாம்ப் லூசாகி பச்சை கலர் கூலன்ட் சொட்டு சொட்டா வடியுது, அந்த கிளாம்ப் நம்ம ஊரு உப்பு காத்துல துருப்பிடிச்சு பாதி அரிச்சு போயிருந்துச்சு. உடனே எஞ்சினை ஆஃப் பண்ணிட்டேன். ஒரு மணி நேரம் ஆற விட்டு, கிளாம்ப் மாத்தி, கூலன்ட் ஊத்திட்டு கெளம்பிட்டோம். சூடா இருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியை யாரும் தொறந்துடாதீங்க, பிரஷர்ல பீய்ச்சி அடிச்சா மூஞ்சி வெந்துடும்.

இன்னொண்ணும் டிரைவருங்க தெரிஞ்சுக்கணும், நம்பர் திடீர்னு சர்ருனு எறங்குனாலும் சந்தோஷப்படக் கூடாது. கூலன்ட் மொத்தமா காலியாயிட்டா சென்சார் வெறும் காத்துல நிக்கும், அப்ப கம்மியா காட்டலாம், எஞ்சின் உள்ள வெந்துட்டிருக்கும்.

பேட்டரி விஷயத்துலயும் இது காப்பாத்தியிருக்கு. மகாபலிபுரத்துலேர்ந்து ஈசிஆர்ல திரும்பறப்ப, மரக்காணம் உப்பளம் பக்கம், இருட்டுற நேரம். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் பக்கத்துல இருக்க வேண்டியது 12.3க்கு வந்துடுச்சு, பேட்டரி லைட்டு பட்டும் படாம மினுக்குனதால கண்ணுலயே படல. ஏசி, ஃபேன், பாட்டு எல்லாத்தையும் நிறுத்தி ஹெட்லைட்டை மட்டும் வெச்சு பாண்டிச்சேரி வந்து சேர்ந்தோம். எஞ்சின் ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரோட பிரஷ் தேஞ்சிருந்துச்சு.

வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. எல்லா டிஸ்ப்ளேவும் எல்லா வேனுக்கும் பேசாது, காசு குடுக்கறதுக்கு முன்னாடி நம்ம வண்டியில சொருகி டெம்பரேச்சர் வருதான்னு காட்ட சொல்லுங்க. போன்ல பாக்கற புளூடூத் டாங்கிளும் கெடைக்குது, விலை கம்மி, ஆனா மலையில போன் வந்தா ஸ்கிரீன் மாறிடும், எனக்கு தனி டிஸ்ப்ளேதான் பிடிச்சிருக்கு. வண்டிய வாரக்கணக்குல நிறுத்தி வெச்சா ஒயரை கழட்டிடுங்க, கொஞ்சம் கொஞ்சமா பேட்டரிய குடிச்சிடும். கேரவன்ல பின்னாடி லைட்டு ஃபேனுக்கு தனி பேட்டரி இருந்தா அதை இது காட்டாது, அதுக்கு வேற மீட்டர் வேணும். 2020 ஏப்ரலுக்கு அப்பறம் வந்த பிஎஸ்6 டீசல் வேன் வெச்சிருக்கறவங்க டிபிஎஃப்ல (சைலன்சர் பக்கம் புகைக் கரிய பிடிக்கற ஃபில்டர்) கரி எவ்ளோ சேர்ந்திருக்குன்னு காட்டுற மாடலா கேட்டு வாங்குங்க, ஊருக்குள்ளயே ஓட்டுனா அது சீக்கிரம் அடைச்சுக்கும்.

ஆசிரியர் சார், உங்ககிட்ட ஒரே வேண்டுகோள். லீவு சீசனுக்கு முன்னாடி நல்ல மெக்கானிக் ரெண்டு பேரை கேட்டு, எஞ்சின் சூடு எவ்ளோ இருந்தா சரி, எவ்ளோ வந்தா நிறுத்தணும், வோல்ட் எவ்ளோ இருக்கணும்னு ஒரு சின்ன கட்டமா போடுங்க, டிரைவருங்க கத்தரிச்சு டேஷ்போர்டுல ஒட்டிக்கற அளவுல.

இப்படிக்கு,
ஒரு வேன் ஓனர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.