எலும்பு முறிவு வார்டு அக்காவுக்கு

அக்கா, பெயரைப் போட்டால் திட்டுவீர்கள். அதனால் போடவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, மெடிக்கல் வார்டில் நைட் டியூட்டி. சொல்லித்தர ஆளில்லை, இருந்தவர்களுக்கு நேரமில்லை. ஒரு பாட்டிக்கு வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்ற நரம்புக்குள் ஊசியோடு செருகும் சின்ன பிளாஸ்டிக் குழாய், போட வேண்டும். நரம்பு நூல் மாதிரி இருந்தது. ஏதோ மருந்து கேட்டு எங்கள் வார்டுக்கு வந்த நீங்கள், என்னைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டீர்கள்.

ஊசியை என் கையிலிருந்து வாங்கவில்லை பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து, "எந்த ஊரு பாட்டி?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே, தடிமனான பச்சையை வைத்துவிட்டு அதைவிட மெல்லிய நீல நிற 22 கேஜை எடுக்கச் சொன்னீர்கள். கையைக் கொஞ்சம் தொங்கவிடு, கையில் கட்டும் ரப்பரை ரொம்ப இறுக்காதே, தோலைக் கீழ்ப்பக்கம் இழுத்துப் பிடி, ரத்தம் தெரிந்ததும் ஊசியைத் தாழ்த்தி பிளாஸ்டிக்கை மட்டும் தள்ளு. ஏறிவிட்டது.

பாட்டி முன்னால் ஒரு குறையும் சொல்லவில்லை. அப்புறம் டீ குடிக்கும்போது, "எங்கே தடுமாறினே, நீயே சொல்லு" என்று கேட்டுவிட்டுத்தான் உங்கள் கருத்தைச் சொன்னீர்கள்.

அதன்பிறகும் நைட் வரும்போதெல்லாம் எட்டிப்பார்த்தீர்கள். நான் தனியாகச் செய்யத் தொடங்கியதும் வருவதைக் குறைத்துக்கொண்டீர்கள். அப்போது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட. இப்போது எனக்குக் கீழே புதுப்பிள்ளைகள் வருகிறார்கள். பக்கத்தில் கைகட்டிச் சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம், அக்கா!

மாற்றலாகிப் போய்விட்டீர்களாம், நம்பரும் மாறிவிட்டது. நர்ஸ் தோழிகள் யாராவது இதைப் பகிருங்கள். அக்கா, பார்த்தால் ஒரு போன் போடுங்கள். ரொம்ப நன்றி.