அறுவை அரங்க மென்பொருளில் உள்ள குறைகள் குறித்த புகார்

அனுப்புநர்
அறுவை அரங்கப் பொறுப்பு மேலாளர்,
தனியார் மருத்துவமனை.

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைத் தலைவர்,
மென்பொருள் நிறுவனம்.

பொருள்: தியேட்டர் மேலாண்மை மென்பொருளில் நடந்ததை நடந்தபடி பதிய முடியாமை.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் மென்பொருளை எங்கள் மருத்துவமனையின் 3 தியேட்டர்களிலும் பயன்படுத்துகிறோம். பில் போடும் பகுதியில் எங்களுக்குக் குறையே இல்லை. கையுறை, தையல் நூல், மயக்க மருந்து என ஒன்றும் விடுபடாமல் கணக்கில் ஏறிவிடுகிறது. நோயாளியின் பாதுகாப்புக்கான பகுதியில் அந்த அக்கறை இல்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த இதில் 19 கேள்விகள் உண்டு. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் சில, கத்தி வைப்பதற்கு முன் சில, நோயாளி தியேட்டரை விட்டு வெளியே போவதற்கு முன் சில. டெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் இதை நடைமுறைப்படுத்திப் பார்த்தபோது அறுவை சிகிச்சை மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தன. 2009-இல் வெளியான ஆய்வு அது. அந்தப் பலன் வந்தது ஒரு சிஸ்டர் வாய்விட்டுக் கேட்க, சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் கையிலிருக்கும் வேலையை நிறுத்திப் பதில் சொன்னதால். நீங்களோ திரையின் மேலேயே ‘அனைத்தும் சரி’ என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறீர்கள். அழுத்தினால் 19-க்கும் டிக் விழுகிறது. நோயாளி தியேட்டருக்குள் வருவதற்கு முன்பே, கடைசியில் எண்ண வேண்டிய மாப் (ரத்தம் ஒற்றும் துணி), ஊசி எண்ணிக்கையும் ‘சரி’ ஆகிவிடுகிறது! இதை வடிவமைத்தவர் ஒரு தடவையாவது மாப் எண்ணுவதைப் பார்த்திருந்தால் அந்தப் பொத்தானை வைத்திருக்க மாட்டார்.

அடுத்தது நேரம். சர்குலேட்டிங் சிஸ்டர் (அறுவையில் நேரடியாகக் கைவைக்காமல் வெளி வேலைகளைப் பார்க்கும் நர்ஸ்) 10.10-க்குக் கத்தி வைத்ததைத் தாளில் குறித்துக்கொள்கிறார். கேஸ் முடிந்து, நோயாளியை ரெகவரி அறையில் விட்டுவிட்டு 12 மணிக்குக் கணினியில் பதிந்தால், உங்கள் மென்பொருள் 12 மணி என்றே எழுதுகிறது. மாற்றவும் முடியாது. திருத்த முடியாதபடி வைத்தது பாதுகாப்புக்காக என்று உங்கள் உதவி மையம் சொன்னது. சரி, பதிந்த நேரத்தைத் திருத்த முடியாமல் வையுங்கள். நடந்த நேரத்தை எழுதத் தனியாக ஒரு கட்டம் கொடுக்க வேண்டாமா? இப்போது எங்கள் பதிவேட்டின்படி பல கேஸ்களில் தையல் போட்ட பிறகுதான் நோயாளியின் பெயரைச் சரிபார்த்திருக்கிறோம். நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால் இதை யார் விளக்குவது?

அவசர கேஸ்தான் எல்லாவற்றிலும் மோசம். குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது என்று பிரசவ வார்டிலிருந்து நள்ளிரவில் ஓடி வருகிறார்கள். முடிவெடுத்த 30 நிமிடத்துக்குள் சிசேரியன் மூலம் குழந்தை வெளியே வர வேண்டும் என்பது பொதுவான இலக்கு. உங்கள் மென்பொருள் முன்பண ரசீது எண் இல்லாமல் தியேட்டரை ஒதுக்குவதில்லை. நாங்கள் காத்திருப்பதில்லை, கேஸை எடுத்துவிடுகிறோம். ஆனால் அந்த நேரம் முழுக்க, தியேட்டர் காலியாக இருப்பதாகத் திரை காட்டும். ஒருமுறை அதைப் பார்த்து எலும்பு முறிவு கேஸ் ஒன்றை வார்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்தப் பெரியவர் வலியோடு நெடுநேரம் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தார்.

சின்னச் சின்னதாக இன்னும் இருக்கின்றன. ஒரே சர்ஜனை இரண்டு தியேட்டரில் போட்டால் எச்சரிக்கை வருகிறது. எங்களிடம் இருப்பது ஒரே சி-ஆர்ம் (தியேட்டருக்குள் பயன்படுத்தும் எக்ஸ்ரே கருவி). அதை இரண்டு கேஸுக்கு ஒதுக்கினால் சத்தமே இல்லை. கேஸ் தள்ளிப்போனால் காரணமாக ‘நோயாளி வரவில்லை’, ‘பிற’ என்று இரண்டே தேர்வுகள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கும், ரத்தம் கிடைத்திருக்காது, கருவிகள் ஆட்டோகிளேவில் கிருமி நீக்கப்பட்டதைக் காட்டும் பட்டை நிறம் மாறியிருக்காது, வெறும் வயிற்றோடு வரச் சொன்னவர் காபி குடித்துவிட்டு வந்திருப்பார். எல்லாம் ‘பிற’. மாதக் கடைசியில் அறிக்கை எடுத்தால் அதிலிருந்து எதைத் திருத்துவது?

‘அனைத்தும் சரி’ பொத்தானை உடனே எடுத்துவிடுங்கள். அதற்குப் புதிய பதிப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அவசர கேஸுக்குத் தற்காலிக எண்ணும், நடந்த நேரத்துக்குத் தனிக் கட்டமும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் வந்தாக வேண்டும். மற்றவற்றைப் பேசிக்கொள்ளலாம். பேசுவதற்கு விற்பனைப் பிரதிநிதியை அனுப்பாதீர்கள். நிரல் எழுதுபவர் ஒருவரை, அறுவை லிஸ்ட் நிறைந்திருக்கும் ஒரு திங்கட்கிழமை காலையில் அனுப்புங்கள். தியேட்டர் உடை நாங்கள் தருகிறோம்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் போனால், எங்கள் பதிவுகள் முழுவதையும் வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவில் எப்போது தருவீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளி பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவும் வேண்டும். அவை உங்கள் சர்வரில் மட்டும் இருப்பது எங்களுக்குச் சரிப்படாது.

இப்படிக்கு,
அறுவை அரங்கப் பொறுப்பு மேலாளர்

இணைப்பு: நேரம் மாறிப் பதிவான கேஸ்களின் ஸ்கிரீன்ஷாட்டுகள் (நோயாளிகளின் பெயர் மறைக்கப்பட்டது)