கிலோமீட்டரைப் பார்த்து வண்டியைக் கழிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வாகனப் பகுதியில் பழைய பிக்கப் வண்டிகளைப் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டிக்கு மேற்கொண்டு செலவு செய்யாமல் தள்ளிவிடுவதே புத்திசாலித்தனம் என்று எழுதியிருந்தீர்கள். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் காய்கறி வியாபாரம் செய்கிறவன். என்னுடைய டொயோட்டா ஹைலக்ஸ், 3.0 டி-4டி டீசல் (இங்கே பிக்கப்பைப் பக்கி என்பார்கள்), நாலு லட்சத்தைத் தாண்டிய பிறகும் முழுச் சுமையோடு டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது. பிக்கப்பை நம்பிப் பிழைக்கிற உங்கள் வாசகர்கள் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்கு விற்றுவிடக்கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

மீட்டரில் இருக்கும் எண் வண்டி எவ்வளவு தூரம் போனது என்று சொல்லும், அவ்வளவுதான். என்2 நெடுஞ்சாலையில் காலியாக, ஒரே வேகத்தில் போய்வந்த மூன்று லட்சமும், கரும்புத் தோட்டத்து மண்பாதையில் ஒரு டன்னை ஏற்றிக்கொண்டு புழுதியைக் குடித்த மூன்று லட்சமும் ஒன்றா? முதல் வண்டிக்குள் இன்னும் பாதி ஆயுள் இருக்கும், இரண்டாவது ஒன்றரை லட்சத்திலேயே ஆயில் குடிக்க ஆரம்பித்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி அளந்து எழுதி வைப்பது. எங்கள் வீட்டில் வண்டிக்கென்று ஒரு நோட்டு இருக்கிறது. டேங்க் நிரப்பும்போதெல்லாம் லிட்டரும் மீட்டரும், இடையில் ஊற்றிய ஆயில், மாற்றிய சாமான், மாற்றியபோது பழைய சாமான் எந்த நிலையில் இருந்தது என்பது வரைக்கும் அதில் இருக்கும். கடைசியாகச் சொன்னதைத்தான் முக்கால்வாசிப் பேர் எழுதுவதில்லை. மெக்கானிக் கழற்றிய பேரிங்கைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் கையில் வாங்கிப் பாருங்கள். அது எப்படித் தேய்ந்தது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஆயில் பரிசோதனையைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு வார்த்தைகூட இல்லாதது எனக்குப் பெரிய குறை. சுரங்க இயந்திரங்களுக்கும் பெரிய லாரிகளுக்கும் பல வருடமாகச் செய்து வருவதுதான் இது. ஆயில் மாற்றும்போது இன்ஜின் சூடாக இருக்கையில் ஒரு சின்ன பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், அதில் கரைந்திருக்கும் உலோகத்தைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று கணக்கிட்டுத் தருவார்கள். இரும்பு ஏறினால் சிலிண்டர் சுவர், ரிங், கேம் பக்கம் பார்க்க வேண்டும். செம்பும் ஈயமும் சேர்ந்து ஏறினால் பேரிங். சோடியமோ பொட்டாசியமோ தெரிந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) உள்ளே கசிகிறதா என்று தேட வேண்டும். சிலிக்கானும் அலுமினியமும் கைகோத்துக்கொண்டு ஏறினால் மண் உள்ளே போகிறது என்று அர்த்தம். ஏர் ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடாதீர்கள், அதற்குப் பின்னால் டர்போ வரைக்கும் போகிற ரப்பர் குழாயின் கிளிப்புகளையும் பாருங்கள், கரும்பு வெட்டும் காலத்தில் இங்கே பல வண்டிகள் கெடுவது அந்தக் கிளிப்பால்தான். (இன்ஜினைப் பிரித்து சிலிகான் பசை வைத்து மூடியிருந்தாலும் அடுத்த ஒரு ஆயிலில் சிலிக்கான் கூடுதலாகக் காட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம்.) ஒரே ஒரு அறிக்கையை வைத்து முடிவு கட்டவும் கூடாது. ஒவ்வொரு எண்ணையும் அந்த ஆயில் ஓடிய கிலோமீட்டரால் வகுத்துப் போன தடவையோடு ஒப்பிட வேண்டும். மெதுவாக ஒரே சீராக ஏறினால் அது வயது, திடீரென்று தாவினால் அது நோய்.

இந்த டி-4டி இன்ஜினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல இன்ஜினைக் கெட்டுப்போனதாக முடிவு கட்டுவது இதில்தான் அதிகம். டீசலைப் பீய்ச்சும் நாசில்கள் உட்காரும் இடத்தில் செம்பு வாஷர் இருக்கிறது. அது விட்டுப்போனால் எரிந்த வாயு மேலே கசிந்து ஆயிலில் கரியைக் கலக்கும். கரி அடியில் போய் ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையை அடைக்கும், அப்புறம் பேரிங்குக்கு ஆயில் போகாது. நல்ல இன்ஜின் ஒன்று சில வாஷர்களுக்காகச் சாகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகையும் தட்டும் சத்தமும் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். என் வண்டிக்கே ஒரு பட்டறையில் முழு இன்ஜினையும் இறக்கிச் செய்ய வேண்டும் என்று விலை சொன்னார்கள். நோட்டில் ஆயில் செலவு ஏறவே இல்லை, அறிக்கையில் கரி மட்டும்தான் கூடியிருந்தது, உலோகம் பழைய அளவிலேயே இருந்தது. அதை வைத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனேன். வாஷரை மாற்றி, சம்ப்பை (ஆயில் தேங்கும் அடித்தட்டை) இறக்கி வலையைக் கழுவியதோடு வேலை முடிந்தது. ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் ஒவ்வொரு நாசிலுக்கும் டீசல் அளவில் இன்ஜின் எவ்வளவு திருத்தம் கொடுக்கிறது என்ற எண்ணையும் பார்க்கலாம், அதையும் வருடம் ஒருமுறை குறித்து வையுங்கள். பாரஃபின் (மண்ணெண்ணெய்) கலந்த டீசல் இங்கே பெரிய தொல்லை, அதற்கு டீசலின் வழவழப்பு கிடையாது, பம்பும் நாசிலும் தேயும்போது இந்த எண்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட்டை 1,50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், இதில் பேரமே இல்லை. பெல்ட்டை மாற்றாமல் எச்சரிக்கை விளக்கை மட்டும் அணைத்து விற்பவர்கள் உண்டு, ஆகவே பழைய வண்டி வாங்குகிறவர்கள் பில்லைக் கேளுங்கள்.

இனி இன்ஜினை விட எனக்கு அதிகக் கவலை தருவது பிரேக். 2013 செப்டம்பரில் டர்பனுக்குப் பக்கத்தில் பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பிரேக் நிற்காத லாரி ஒன்று மினிபஸ் டாக்சிகள் மீது பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டுகிற யாருக்கும் அது மறக்காது. பிக்கப்பிலும் சுமை ஏற்றித்தான் இறங்குகிறோம். பிரேக் டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், ஒவ்வொரு தடவையும் அளந்து எழுதுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள். இன்னொன்று, ஹைலக்ஸ் போன்ற பல பிக்கப்புகளில் பின் அச்சின் மேல் ஒரு வால்வு இருக்கும், சுமைக்குத் தகுந்தபடி பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும். பட்டை ஸ்பிரிங் தொய்ந்துவிட்டால் காலி வண்டியையும் அது சுமை வண்டி என்று நினைத்துக்கொள்ளும், மழையில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும். அதனால் காலியாக, சமதரையில், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபக்கமும் டேப் வைத்து அளந்து எழுதுகிறோம். செலவில்லாத வேலை. டயரில் உள்ளே, நடுவே, வெளியே என்று மூன்று இடத்தில் பட்டனின் (தரையைப் பிடிக்கும் மேடுகளின்) ஆழத்தையும் எழுதுகிறோம். இங்கே சட்டம் 1 மில்லிமீட்டர் போதும் என்கிறது, எனக்கு 3 வந்தாலே மழைக்காலத்தில் தூக்கம் வராது.

தமிழ்நாட்டில் சரக்கு வண்டிக்கு எஃப்.சி (தகுதிச் சான்று) காட்டியாக வேண்டும், பெயிண்ட் அடித்துக்கொண்டு போனாலும் ஒருவர் அடியில் குனிந்தாவது பார்ப்பார். இங்கே சின்ன பிக்கப் கைமாறும்போதுதான் ரோட்வர்த்தி சோதனை, அதாவது சாலையில் ஓடத் தகுதியா என்று பார்ப்பது. இருபது வருடம் ஒரே ஆளிடம் இருந்தால் இருபது வருடமும் யாரும் பார்க்க மாட்டார்கள், வருடா வருடம் பணம் கட்டினால் கண்ணாடியில் ஒட்டும் லைசென்ஸ் டிஸ்க் வந்துவிடும். இது மாற வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

விற்க வேண்டிய நேரம் எது என்று கேட்டால், நான் சேஸியைத்தான் (வண்டியின் அடிச்சட்டத்தை) காட்டுவேன். கடற்காற்று உப்பு உள்பக்கமாகத் தின்றுகொண்டு வரும், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில் சுத்தியலால் தட்டும்போது சத்தம் மந்தமாக வந்தால் அங்கே இரும்பு மெலிந்துவிட்டது. இன்ஜினை மறுபடி செய்யலாம், அரித்த சேஸிக்கு வெல்டிங் வைத்துச் சுமை ஏற்றுவதை நான் ஒப்ப மாட்டேன். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் வாசகர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். அடுத்த முறை பழைய வண்டியைப் பற்றி எழுதும்போது கிலோமீட்டர் எல்லையை எடுத்துவிட்டு, எதை எங்கே அளப்பது என்று ஒரு படத்தோடு அரைப்பக்கம் போடுங்கள்.

இப்படிக்கு,
காய்கறி வியாபாரி,
டொங்காட், குவாசுலு-நடால்