அங்கே காலை பத்து மணி

அன்பு மகன்,

போனில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், போனில் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். அதனால் இதை டைப் பண்ணி அனுப்புகிறேன், பிழை இருந்தால் பார்த்து வாசி. நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு கொஞ்சம் குறைவு. கிணறு இறைத்தோம். தங்கச்சியின் மூத்தவன் சைக்கிள் ஓடப் பழகிவிட்டான். இங்கே புதினம் இவ்வளவுதான். நேரத்துக்குச் சாப்பிடு.

போன மாதம் நீ ஒரு வசனம் சொன்னாய். லீவு நாளில் என்ன மகன் செய்தாய் என்று கேட்டதுக்கு, "பழைய ஸ்டார் ட்ரெக் ஒன்று பார்த்தேன் அப்பா, ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும்" என்றாய். மூன்று மாதத்தில் நீ சொன்ன ஒரே புது வசனம் அதுதான், அதை நான் விடவில்லை. பக்கத்து வீட்டுப் பெடியன் தேடி எடுத்துத் தந்தான். கீழே ஆங்கில எழுத்து ஓட ஓட நிறுத்தி நிறுத்தி நாலு தரம் பார்த்துவிட்டேன். 'காஸ் அண்ட் எஃபெக்ட்' தானே? 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்கிற ஸ்டார் ட்ரெக் தொடரின் 5ஆவது சீசனில் 18ஆவது கதை. அமெரிக்காவில் 1992 மார்ச்சில் முதல்முதல் காட்டினதாம். அப்போது உனக்கு 6 வயது, நம்மட வீட்டில் குப்பி விளக்கு.

முதல் நிமிசத்திலேயே விண்வெளிக் கப்பல் வெடித்துச் சிதறுகிறது, பெடியன் கடைசிப் பகுதியை மாறிப் போட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். மறுகா பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி நாலு பேர் மேசையைச் சுற்றி இருந்து சீட்டு விளையாடுகிறார்கள், டேட்டா என்கிற இயந்திர மனிதன் சீட்டுப் போடுகிறான். பிறகு டொக்டர் அம்மா தன் அறைக்குப் போய்ப் படுக்கிறா, இருட்டில் ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்கிறது, விளக்கைப் போடக் கை நீட்ட கண்ணாடிக் குவளை விழுந்து உடைகிறது. அடுத்த நாள் எதிரே இன்னொரு கப்பல் வந்து மோதி எல்லோரும் சாகிறார்கள். திரும்பவும் சீட்டு. அதே ஆட்கள், அதே கதை. ஆனால் படம் பிடித்தவர்கள் முதல் எடுத்ததையே திருப்பி ஒட்டவில்லை, ஒவ்வொரு சுற்றையும் வேறு பக்கத்தில் நின்று புதிதாக எடுத்திருக்கிறார்கள், மூன்றாம் தரம் பார்க்கும்போதுதான் எனக்கு அது பிடிபட்டது. பிந்தின சுற்றில் அந்த டொக்டர் ஏதோ மனதில் பட்டுக் குவளையைத் தள்ளி வைக்கிறா. அப்படியும் அது விழுந்து உடைகிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இருட்டில் கேட்ட சத்தத்தைப் பதிந்து பிரித்துப் பார்த்தால் அது இவர்களுடைய குரல்தான், முந்தின சுற்றுகளில் இவர்களே கதைத்ததும் கத்தினதும்.

மகன், எனக்கும் ஞாயிற்றுக்கிழமை உன் போனை வைத்த பிறகு அதே கதை காதுக்குள் நிற்கிறது. வேலை எப்படி, நல்லம் அப்பா. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். மருமகள் எங்கே, வெளியே போயிருக்கா. பேத்தி? நித்திரை. இங்கே இரவு ஏழரை என்றால் உங்கள் ரொறொன்ரோவில் காலை பத்து மணி. முந்தி அந்த நேரத்தில் போனை உன்னிடம் இருந்து பறித்து, விழுந்த பல்லைக் காட்டுகிற பிள்ளை அது. ஒரு தரம் வீடியோவில் வந்தாய், பின்னால் நிலத்தில் ஸ்பொஞ்ச் மெத்தை, கதிரையில் இஸ்திரிப் பெட்டி, சோறு அவிக்கிற குக்கர் கட்டாந்தரையில். அதற்குப் பிறகு வீடியோ இல்லை. அம்மாவும் கண்டா. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

மாமாங்கக் கோயில் தீர்த்தத்தன்றுகூட நீ கூப்பிடவில்லை. அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. அது எனக்குக் கவலைதான், சொல்லாமல் விட ஏலாது. உன்னைப் பற்றி ஊரில் நான் பெருமையாகத்தான் கதைக்கிறேன், ஆரையம்பதியில் இருந்து போய் அங்கே இஞ்சினியராக நிற்கிற பிள்ளை, தங்கச்சியின் வீட்டுக் கூரைக்கும் நீதான் காசு அனுப்பினாய். அதெல்லாம் எனக்குத் தெரியும். சாப்பாட்டை மட்டும் விடாதே. குளிருக்குக் காதை மூடு.

நான் சொல்ல வந்தது வேறு.

1994இல் எனக்குத் தெற்கே தூரத்துத் தபால் கந்தோர் ஒன்றுக்கு இடமாற்றம் என்று சொல்லி 7 மாதம் போனேனே, உனக்கு 8 வயது. இடமாற்றம் ஒன்றும் இல்லை. நான் மட்டக்களப்பு டவுனில், புளியந்தீவில் ஒரு அறையில் இருந்தேன். நம்மட வீட்டில் இருந்து பஸ்ஸில் அரை மணி கூட இல்லை. குடியும் சீட்டும்தான். முந்நூற்றுநாலு என்கிற சீட்டாட்டத்தில் விடிய விடிய இருந்து, கடனுக்கு அம்மாவின் சங்கிலியைக் கேட்காமல் கொண்டுபோய் விற்றேன். வீடு அம்மாவின் சீதன வீடு. ஒரு இரவு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இனி இங்க வராதீங்க" என்று மெதுவாகச் சொன்னா. சத்தம் போட்டிருந்தால் நீ எழும்பியிருப்பாய்.

நீ எனக்குக் கடிதம் எழுதினாய். கோடு போட்ட கொப்பித் தாள். அது தெற்கே போகும், அங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் எடுத்துத் திருப்பி அனுப்புவார், நாலு நாளில் என் கைக்கு வரும். நான் எழுதுகிற பதிலும் அந்த வழியாகவே போய், அந்த ஊர் முத்திரை விழுந்துதான் உன்னிடம் வந்தது. நீ முத்திரையைப் பார்க்கிற பிள்ளை, அதைப் பழக்கினதே நான்தான். காலையில் கந்தோர் திறந்ததும் இடுக்கியால் முத்திரைக் கட்டையில் நேற்றைய திகதி இலக்கத்தை எடுத்து வெளியே வைத்து, இன்றையதைப் போட்டு இறுக்கி, பழைய கடதாசியில் ஒரு தரம் குத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், நீ பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய். அந்த முத்திரையைப் பொய்க்குப் பாவித்தேன், 8 வயதுப் பிள்ளையை ஏமாற்ற. ஒரு கடிதத்தில், "அப்பா அங்க பாடுமீன் கேட்குமா" என்று கேட்டிருந்தாய். பாடுமீன் கேட்கிற கல்லடிப் பாலம் என் அறையில் இருந்து நடக்கிற தூரம். இங்கே கேட்காது மகன், நான் சுகம், நீ படி, அம்மா சொல் கேள் என்று எழுதினேன். எல்லாக் கடிதத்திலும் அதே நாலு வசனம்தான். உண்மையாக ஒரு வரி எழுதப் போனாலும் மற்றதெல்லாம் பின்னால் வந்துவிடும் என்று பயம்.

அந்தப் படத்தில் கப்டன் பிக்கார்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேரிடம் யோசனை கேட்கிறார். துணைக் கப்டன் ரைக்கர், சிறு ஊர்திகள் நிற்கிற பகுதியின் காற்றைத் திறந்து விடுவோம், அந்த உதைப்பில் கப்பல் விலகும் என்கிறார். டேட்டா இழுவைக் கதிரால் மற்றக் கப்பலைத் தள்ளுவோம் என்கிறான். கப்டன் டேட்டா சொன்னதைக் கேட்கிறார், ஒவ்வொரு தரமும். அவருக்கு ஒவ்வொரு தரமும் முதல் தரம். கடைசியில் டேட்டா அடுத்த சுற்றுக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்புகிறான், மூன்று என்கிற இலக்கம் மட்டும்தான் போய்ச் சேர்கிறது. சீட்டெல்லாம் மூன்று மூன்றாக விழுகிறது, யாருக்கும் விளங்கவில்லை. மோதப்போகிற நேரத்தில் ரைக்கரின் கழுத்துப் பட்டியில் இருக்கிற மூன்று குமிழைக் கண்டு, அவர் சொன்னதைச் செய்கிறான். கப்பல் தப்புகிறது. அவர்கள் சுற்றினது 17.4 நாள். எதிரே வந்த கப்பல் எண்பது வருசத்துக்கு மேல். அதன் கப்டன் இது 2278ஆம் ஆண்டு என்று நிச்சயமாகச் சொல்கிற முகத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் எப்படித் திரும்பி வந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. ஒரு நாள் பகல் கவுண்டரில் அம்மா வந்து நின்றா. ஒரு முத்திரை வாங்கினா. நீ எழுதின கடிதத்தை என் முன்னால் வைத்து, உறையில் நீ எழுதியிருந்த தெற்கு ஊரின் பெயரை என் பேனையாலேயே வெட்டி, அதற்குக் கீழே நான் இருந்த அறையின் முகவரியை எழுதினா. முழு முகவரியும். எவ்வளவு காலமாகத் தெரிந்திருந்ததோ. ஒரு வார்த்தை கதைக்கவில்லை, முத்திரையை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டா. அன்று பின்னேரம் பஸ் ஏறினேன். நீ படலையில் நின்றாய், அப்பா இடமாற்றம் முடிஞ்சுதா என்றாய், ஓம் என்றேன். அந்த ஓமைத்தான் இப்போது எடுத்துவிடுகிறேன் மகன், 8 வயதில் உனக்கு நான் பழக்கிவிட்ட பொய் அது.

யாரில் பிழை என்று நான் கேட்கப் போவதில்லை. ஞாயிறு வழமை மாதிரிக் கூப்பிடு. பிள்ளை அங்கே இல்லை என்றால் இல்லை என்று சொல். கதைக்க ஒன்றும் இல்லை என்றாலும் லைனை வைக்காமல் இரு, நானும் இருப்பேன்.

அம்மா தூள் இடித்து, கருவாடும் காயவைத்துக் கட்டி வைத்திருக்கிறா, பேத்திக்குத் தனியாகக் கஜு. பார்சல் இரண்டாகப் போடட்டாம். பழைய வீட்டுக்குப் போகவேண்டியதன் முகவரி என்னிடம் இருக்கிறது. மற்றதை எழுதி அனுப்பு, அறை இலக்கமும் சேர்த்து.

அப்பா