ஏழு கப்பல்கள், இரண்டு கெம்ப்தார்ன்கள்

அன்புள்ள மகன் சேவியருக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல்.

ஜிப்ரால்டரைத் தாண்டிக் கிழக்கே போகிறோம், வலப்பக்கம் அல்ஜீரியக் கரை, இங்கேதானே அந்தக் காலத்தில் கடற்கொள்ளையர் இருந்தார்கள் என்று கேட்டிருந்தாய். அதே செய்தியின் வாலில் இன்னொன்றும் இருந்தது. அடுத்த தேர்வை எழுதிக் கடலிலேயே இருப்பதா, கொச்சியில் கிடைக்கிற அலுவலக வேலைக்கு வந்துவிடுவதா என்று குழப்பம், அப்பா பெயரைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். முதல் கேள்வியைப் பெரிதாகவும் இரண்டாவதைப் போகிற போக்கிலும் எழுதியிருக்கிறாய். எது உன்னைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் கேட்ட வரிசையிலேயே பதில் சொல்கிறேன். போனில் பேசினால் பாதியில் அறுந்துபோகிறது. உன் முறைக் காவல், அந்த வாட்ச், முடிந்து படுத்தபின் பொறுமையாகப் படி.

கொள்ளையர் என்றதும் பாறை இடுக்கில் பதுங்கியிருந்த திருட்டுக் கும்பல் என்று நினைக்காதே. அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் துறைமுகத்தில் அது ஊரறிந்த தொழில். துருக்கியின் ஒட்டோமான் சுல்தானின் பெயரால் நடந்த ஆட்சி, அதன் கீழ் ரெயிஸ் என்று அழைக்கப்பட்ட கப்பல் தலைவர்கள், அவர்களுக்கு முதல் போட்ட செல்வந்தர்கள். பிடித்துவந்த கப்பலிலும் சரக்கிலும் ஆட்களிலும் அரசுக்கு ஒரு பங்கு, முதல் போட்டவனுக்கு ஒரு பங்கு, மாலுமிகளுக்கு ஒரு பங்கு. கணக்கெல்லாம் சுத்தமாக இருக்கும். பிடிபட்டவர்கள் அடிமைச் சிறைகளில் கிடந்து ஊரிலிருந்து மீட்புப் பணம் வருமா என்று காத்திருந்தார்கள். டான் குயிக்சாட் எழுதிய செர்வாண்டிஸ் 1575 முதல் 1580 வரை அங்கேதான் கிடந்தார். 1627-இல் ஐஸ்லாந்து வரைக்கும், 1631-இல் அயர்லாந்தின் பால்டிமோர் என்ற சின்ன ஊர் வரைக்கும் போய் ஆட்களை அள்ளிவந்திருக்கிறார்கள் இந்தக் கரைக்காரர்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது நியாயமில்லை. மால்டாவிலிருந்த புனித யோவான் சபை வீரர்கள் சிலுவைக் கொடியைக் கட்டிக்கொண்டு இதே வேலையை முஸ்லிம் கப்பல்களிடம் செய்தார்கள். இத்தாலியின் லிவோர்னோவில் அடிமைச் சந்தை இருந்தது. பிரெஞ்சு அரசரின் துடுப்புக் கப்பல்களில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களில் வட ஆப்பிரிக்கர்கள் நிறையப் பேர். நம் பள்ளிப் பாடத்தில் இதெல்லாம் வராது.

என்ஜின் ரூமில் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் எனக்குப் பிடித்த விவரம் வேறு. அல்ஜியர்ஸ்காரர்களின் கப்பல்கள் ஏன் அவ்வளவு வேகமாக ஓடின தெரியுமா? அடிக்கடி துறைக்கு வந்து கப்பலைச் சாய்த்து, அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டி, கொழுப்பு பூசி மறுபடி இறக்குவார்கள். சரக்கு ஏற்றமாட்டார்கள், ஆட்களைத்தான் நெருக்கி ஏற்றுவார்கள். மாதக்கணக்காகக் கடலிலேயே கிடந்த ஆங்கிலப் போர்க்கப்பலின் அடியில் தாடி போலப் பாசி தொங்கும். அது எப்படித் துரத்திப் பிடிக்கும்? அடி அழுக்கானால் எரிபொருள் எவ்வளவு கூடும் என்று உங்கள் சீஃப் என்ஜினியரிடம் கேட்டால் மணிக்கணக்காகப் புலம்புவார். அந்தக் காலத்திலும் அதே கதைதான். இதில் இன்னொரு வேடிக்கை, பாய்க்கப்பல் கட்டும் நுட்பத்தை அல்ஜியர்ஸுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவன் சைமன் டான்சர் என்ற டச்சுக்காரன். ஐரோப்பியர் கற்றுக்கொடுத்த வித்தையால் ஐரோப்பியரையே பிடித்தார்கள்.

இனி நான் சொல்ல வந்தவர்கள். ஜான் கெம்ப்தார்ன் என்று ஒரு கேப்டன், இங்கிலாந்தின் டெவன் பகுதிக்காரர். முதலில் வணிகக் கப்பலில் இருந்தவர். அந்தக் காலத்துக் கதை ஒன்று அவரைப் பற்றி உண்டு. ஸ்பானியப் போர்க்கப்பல் ஒன்று தாக்கியபோது குண்டு தீர்ந்துபோக, பெட்டியிலிருந்த வெள்ளிக் காசுகளைப் பீரங்கியில் திணித்துச் சுட்டாராம். நடந்ததோ இல்லையோ, அப்படியொரு கதை கட்டுவதற்குத் தோதான மனிதர் என்பது மட்டும் நிச்சயம்.

1669-இல் அவரிடம் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் இருந்தது. எட்டாம் ஹென்றி காலத்தில் மூழ்கிய புகழ்பெற்ற மேரி ரோஸ் அல்ல. இது 1654-இல் மெய்ட்ஸ்டன் என்ற பெயரில் கட்டப்பட்டு, இங்கிலாந்தில் மன்னராட்சி திரும்பியதும் பெயர் மாற்றப்பட்டது. மொராக்கோ சுல்தானிடம் அனுப்பப்பட்ட ஆங்கிலத் தூதர் ஹென்றி ஹோவர்டை அந்தக் கப்பல்தான் டாஞ்சியருக்கு ஏற்றிச் சென்றது. மொராக்கோக் கரையிலுள்ள டாஞ்சியர் துறைமுகம் அப்போது ஆங்கிலேயர் கையில். எப்படி வந்தது என்று கேட்டால் நீ சிரிப்பாய். போர்ச்சுகல் இளவரசி கேத்தரினைச் சார்லஸ் மன்னர் மணந்தபோது சீதனமாக வந்தது, கூடவே நம் பம்பாயும். ஒரே சீதனத்தில் இரண்டு துறைமுகம்! டாஞ்சியரை 1684-இல் இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள், பம்பாயை விடவில்லை.

அந்த 1669 டிசம்பரில் மேரி ரோஸ் வணிகக் கப்பல்களுக்குக் காவலாக ஸ்பெயினின் காடிஸ் துறைமுகப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது ஏழு அல்ஜியர்ஸ் கப்பல்கள் எதிர்ப்பட்டன. கொள்ளையர் வழக்கமாகப் போர்க்கப்பலைச் சீண்டமாட்டார்கள். அதில் சரக்கு இல்லை, அடிதான் கிடைக்கும். ஆனால் பின்னால் வணிகக் கப்பல்கள் இருக்கின்றன, எதிரே நிற்பது ஒன்று, தாங்கள் ஏழு. அவர்களுடைய பலம் பீரங்கியில் இல்லை, ஆட்களில். கப்பலோடு கப்பலை ஒட்டவைத்து, வாளோடு நூற்றுக்கணக்கில் குதித்தால் முடிந்தது. ஆகவே கெம்ப்தார்னுக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று, ஒருவரையும் ஒட்டவிடக்கூடாது. கிட்ட வருகிறவன்மீது ஒரு பக்கத்துப் பீரங்கிகள் மொத்தத்தையும் வெடிக்க வேண்டும், மறுபடி மருந்திட்டு நிரப்புவதற்குள் மறு பக்கம் வருகிறவனுக்கும் பதில் சொல்ல வேண்டும். கயிறும் பாயும் கிழிந்து தொங்க, செத்தவனை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவன் பீரங்கியண்டை நிற்க வேண்டும். கடைசியில் அவர்களுடைய தலைமைக் கப்பல் அடிபட்டு விலகியது, மற்றவையும் பின்னாலேயே போய்விட்டன. மேரி ரோஸில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். கப்பல் காடிஸ் போய்ச் சேர்ந்தது.

ஏழு பேர் சேர்ந்தும் ஒன்றைப் பிடிக்க முடியாததற்கு வீரம் மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. முதல் போட்டவனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய ரெயிஸ், லாபமில்லாத சண்டையில் கப்பலையும் ஆளையும் எதற்கு இழப்பான்? விலை கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும் கடையைக் கட்டினான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இந்தச் சண்டைக்கு ஒரு சாட்சி கப்பலிலேயே இருந்தார். வென்சஸ்லஸ் ஹோலர், பிராகில் பிறந்த செதுக்கோவியர். டாஞ்சியரைப் படம் வரைவதற்காகத் தூதரோடு போனவர், ஊர் திரும்பும் வழியில் இதில் மாட்டிக்கொண்டார். பிறகு செப்புத் தகட்டில் அதைச் செதுக்கினார். நடுவில் ஒரு கப்பல், சுற்றிலும் ஏழு, எங்கும் புகை. இணையத்தில் தேடினால் கிடைக்கும், பார். வயது அறுபதைத் தாண்டிய மனிதர், குண்டு பறக்கும்போது எங்கே ஒதுங்கி நின்றிருப்பார் என்று படத்தைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன்.

கெம்ப்தார்ன் ஊர் திரும்பினார், 1670-இல் சர் பட்டம் கிடைத்தது. வான் டி வெல்டே என்ற பெரிய டச்சு ஓவியர் அந்தச் சண்டையைத் தைல வண்ணத்தில் தீட்டினார். கொள்ளைத் தொழிலுக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை. ஏழு கப்பலும் தப்பித்துத்தானே போயின. அடுத்த கோடையில் டாஞ்சியர் பக்கத்து ஸ்பார்ட்டல் முனையருகே டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் சேர்ந்து ஆறு கப்பல்களை அழித்ததும், 1671-இல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி எட்வர்ட் ஸ்ப்ராக் அல்ஜீரியக் கரையின் பூஜியாத் துறைக்குள்ளேயே புகுந்து எரித்ததும்தான் அல்ஜியர்ஸை அசைத்தன. அந்தச் சமாதானமும் சில ஆண்டுதான். 1677-இல் மறுபடி போர், நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கில வணிகக் கப்பல்கள் பறிபோயின.

அந்தப் போரில்தான் மகன் வருகிறான். மார்கன் கெம்ப்தார்ன், 1658-இல் பிறந்தவன். தந்தை ஏழு கப்பல்களோடு மோதியபோது அவனுக்குப் பதினோரு வயது. அந்த வயதுப் பையன், வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாம் அதே கதையைச் சொல்லக் கேட்டு வளர்ந்திருப்பான். அவனும் கடற்படையில் சேர்ந்தான். இருபதுகளின் தொடக்கத்திலேயே அவனிடம் கிங்ஃபிஷர் என்ற 46 பீரங்கிக் கப்பலைக் கொடுத்தார்கள். அது 1675-இல் உட்பிரிட்ஜில் கொள்ளையரை ஏமாற்றவென்றே கட்டப்பட்ட கப்பல். பீரங்கிகளைப் பொய்த் தடுப்புக்குப் பின்னால் மறைத்துவைத்து, தோற்றத்தையும் மாற்றிக்கொள்ளலாம். தூரத்தில் பார்த்தால் அப்பாவி வணிகக் கப்பல், இரை என்று நம்பிக் கிட்ட வந்தவனுக்குத்தான் தெரியும் சேதி.

1681 மே 22. கிங்ஃபிஷரை அல்ஜியர்ஸ் கப்பல்கள் சூழ்ந்தன. எத்தனை என்று நினைக்கிறாய்? ஏழு. எந்தக் கதாசிரியனாவது இப்படி எழுதினால் நம்பும்படி எழுதப்பா என்று திட்டுவோம். தந்தைக்கு வந்த அதே எண்ணிக்கை பன்னிரண்டு ஆண்டு கழித்து மகனுக்கும் வந்தது. கப்பல் தப்பியது. கொள்ளையர் இந்தத் தடவையும் வெறுங்கையோடுதான் போனார்கள். ஆனால் மார்கன் அந்தச் சண்டையில் கொல்லப்பட்டான். வயது 23. கேப்டன் விழுந்ததும் ரால்ப் ரென் என்ற லெஃப்டினென்ட் பொறுப்பேற்று, சண்டையை நடத்தி முடித்து, உடைந்த கப்பலை நேப்பிள்ஸ் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

ஜான் கெம்ப்தார்ன் அதற்கு முன்பே, 1679 அக்டோபரில், போர்ட்ஸ்மத்தில் கடற்படை ஆணையராக இருக்கும்போதே இறந்துவிட்டார். நல்லவேளை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உயிரோடு இருந்திருந்தால் ஊரே வந்து, மகனும் உங்களைப் போலவே என்று சொல்லிக் கையைப் பிடித்திருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எந்தத் தகப்பனால் முடியும்?

மார்கன் பயந்தானா, விரும்பித்தான் கடலுக்குப் போனானா, தந்தை பெயருக்காகப் போனானா என்பதற்கு எழுத்து ஏதும் இல்லை. இருந்தாலும் உன் சித்தப்பா உன் அக்கா கல்யாணப் பந்தியில் "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா" என்று உன் முதுகில் தட்டியபோது உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அன்றிலிருந்து இந்தப் பையனை அடிக்கடி நினைக்கிறேன்.

அப்புறம் அந்தப் போர் எப்படி முடிந்தது என்று கேட்பாய். 1682-இல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஆர்தர் ஹெர்பர்ட் அல்ஜியர்ஸோடு ஒப்பந்தம் செய்தார், இந்தத் தடவை அது நெடுங்காலம் நின்றது. அதைக் கடலில் நடைமுறைப்படுத்தியது பீரங்கி அல்ல, தோலில் அச்சடித்த ஒரு பாஸ். அதன் மேல் பகுதியை அலை அலையாக வளைத்து வெட்டிவிடுவார்கள். கீழ்ப்பகுதி ஆங்கில வணிகக் கப்பலில் இருக்கும், வெட்டிய மேல்பகுதிகள் அல்ஜியர்ஸுக்குப் போய் ஒவ்வொரு ரெயிஸ் கையிலும் இருக்கும். கடலில் சந்தித்தால் படகில் துடுப்புப் போடுகிறவர்கள் தவிர இரண்டே பேர் ஏறிவர வேண்டும். இரண்டு துண்டையும் சேர்த்துவைத்துப் பார்ப்பார்கள். வளைவு பொருந்தினால் போய்வா. படிக்கத் தெரியாதவனும் சரிபார்க்கலாம், பார்த்தாயா? கள்ளப் பாஸ்களும் விற்பனைக்கு வந்தன, அது மனித சுபாவம். துறைமுகத்துக்குத் துறைமுகம் கோப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிற நீ இதை ரசிப்பாய். அந்தத் துண்டுத் தோலால் கரை சேர்ந்த மாலுமிகள் எத்தனை ஆயிரமோ, அதை வெட்டி அடுக்கிய குமாஸ்தாவை யாரும் ஓவியமாகத் தீட்டவில்லை. எனக்கு அவன்மீது மரியாதை உண்டு.

கொச்சி வேலையும் அப்படிப்பட்டதுதான் என்று எனக்குப் படுகிறது, ஆனால் அதற்காக நீ இதை எடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லமாட்டேன். என் பெயரைக் காப்பாற்றும் வேலை உனக்கு வேண்டாம், அதை என் பென்ஷன் புத்தகம் பார்த்துக்கொள்ளும். நான் கடலுக்குப் போனது வீட்டில் வேறு வழியில்லாததால். பிடித்துப்போனது பிறகு. உனக்கு இரவு வாட்ச் பிடித்திருந்தால் தேர்வு எழுது. பிடிக்கவில்லையென்றால் ஒப்பந்தம் முடிந்ததும் இறங்கிவிடு. சித்தப்பாவை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி எது என்று எழுது. கொச்சிக்காரர்கள் சம்பளத்தைத் தவிர வீட்டு வாடகையும் தருவார்களா, இல்லை மொத்தமாக ஒரு தொகைதானா என்பதையும் தெளிவாகக் கேட்டுவை. வாய்ச்சொல்லை நம்பாதே, எழுத்தில் வாங்கு. அம்மா உனக்குக் கருவாட்டுப் பொடி அனுப்பலாமா என்று கேட்கிறாள், அடுத்த துறைமுகத்தில் ஏஜென்ட் முகவரி கிடைத்தால் அனுப்பு. இடுப்பு வலிக்கு அந்த மாத்திரையைத் தொடர்ந்து போடாதே, கப்பலில் இருக்கும் பெட்டியைத் திறந்து நீயே வைத்தியம் பார்க்காமல் சொல்ல வேண்டியவரிடம் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா
தூத்துக்குடி