வேன்கார்டுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை கண்காட்சி முடிந்து, முதல் உலகப்போரின்போது வெடித்து மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் வேன்கார்டின் மாதிரியைப் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அன்றைக்கு மைக்கைக் கையில் கொடுத்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டீர்கள். சரி, யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி ஆசாரி அண்ணனுக்கு. 163 மீட்டர் கப்பலை 200-இல் ஒரு பங்காக்கினால் 82 சென்டிமீட்டர் வரும். "தேர்ச் சக்கரம் செஞ்ச கை, வெள்ளக்காரன் கப்பல் செய்யாதா?" என்று கேட்டுக்கொண்டே அடிப்பாகத்தை இழைத்துத் தந்தார். ஐந்து கூண்டுகளில் பத்து 12 அங்குல பீரங்கிகள் வேண்டும். கம்பியை வளைத்து நான் தோற்றுப்போயிருந்தபோது, சட்டைப்பையிலிருந்து தீர்ந்துபோன ரீஃபில் ஒன்றை எடுத்து நீட்டினார். கண்காட்சியில் எல்லோரும் தொட்டுப் பார்த்த பீரங்கிகள் அந்த ரீஃபில்கள்தான்.

அப்புறம் நம் சீஃப். முப்பது வருடம் கப்பல் இன்ஜின் அறையில் வெந்தவர். அவர் இல்லையென்றால் 'கப்பல் வெடித்தது' என்று ஒரு வரி எழுதி ஒட்டியிருப்பேன். 1909-இல் இங்கிலாந்தின் பாரோ நகரில் நீரில் இறக்கிய கப்பல். 1916-இல் ஜெர்மானியக் கடற்படையோடு நடந்த ஜட்லாந்து சண்டையில் 57 பெரிய குண்டுகளைச் சுட்டுவிட்டு ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பியது. அப்படிப்பட்டது, 1917 ஜூலை 9 அன்று ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஸ்காப்பா ஃப்ளோவில், எதிரி யாருமே இல்லாத நேரத்தில் நங்கூரத்தில் நின்றபடி போய்விட்டது. அன்று பிற்பகல்தான் கப்பலைக் கைவிட்டுத் தப்பிப்பது எப்படி என்று ஒத்திகை பார்த்திருந்தார்கள். இரவு 11.20-க்கு வெடித்தபோது அதெல்லாம் செய்ய யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளும் வெடிமருந்தான கார்டைட்தான் காரணம் என்றார் சீஃப்: "கார்டைட் மருந்து பழசானா தானே கெட்டுப்போகும். சூடு ஏறினா இன்னும் சீக்கிரம். ஈர வைக்கோல்போருக்குள்ள கைய விட்டுப் பாத்திருக்கியா? யாரும் பத்த வைக்காமலே உள்ள கொதிக்கும். கிட்டத்தட்ட அந்தக் கதைதான்." விசாரணை மன்றமும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. காலாவதியான கார்டைட் சிறிது கப்பலில் இருந்தது. துறைமுகத்தில் நின்றபோதும் கப்பலின் கொதிகலன்கள் சில ஓடிக்கொண்டிருந்தன. மூடியிருக்க வேண்டிய கதவுகள் சில திறந்து கிடந்தன. 4 அங்குல பீரங்கிகளின் மருந்துக் கிடங்கில் தீ தொடங்கிப் பெரிய கிடங்குக்குத் தாவியிருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. எனக்கென்னவோ அந்தக் கதவுகள்தான் மனதை உறுத்துகின்றன.

ஸ்காப்பா ஃப்ளோ இருக்கும் ஆர்க்னி தீவுகளிலிருந்து, வேன்கார்டு ஆட்கள் சிலர் புதைக்கப்பட்ட லைனஸ் கல்லறைத் தோட்டத்துப் படங்களை அனுப்பிய அம்மையாருக்கு நன்றி. முன்பின் தெரியாத ஒருவன் சென்னையிலிருந்து கேட்டதற்காக மழையில் போய் எடுத்திருக்கிறார். படத்தின் ஓரத்தில் குடையின் நுனி தெரிகிறது. அதை வெட்டாமல் அப்படியே ஒட்டினேன்.

முதலில் பேசி வைத்த மண்டபத்தை ஒரு வளைகாப்புக்குக் கொடுத்துவிட்டதாக முந்தைய நாள் மாலை போன் வந்தது. அதைப் பற்றி இனிப் பேச வேண்டாம். உடனே மாடியைக் காலி செய்து, துணிக்கொடியை அவிழ்த்து, மின்விசிறியும் போட்டுக் கொடுத்த எதிர்வீட்டுக் குடும்பத்துக்கு என்ன சொல்வது!

கடைசியாகப் பாட்டி. கப்பலில் இருந்தவர்கள் 845 பேர், இறந்தவர்கள் 843 பேர் என்று பலகையில் எழுதினால் யார் நின்று படிப்பார்கள்? அவர்தான் புளியங்கொட்டை யோசனை சொன்னார். பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து 845 எண்ணித் தாம்பாளத்தில் பரப்பினார். பிழைத்த இருவருக்காக இரண்டுக்கு மட்டும் வெள்ளைச் சுண்ணாம்பு. பார்வையாளராக வந்திருந்த ஜப்பானியக் கடற்படை அதிகாரி ஒருவரும், ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலைச் சேர்ந்து, தண்டனையாக வேன்கார்டில் அடைபட்டிருந்த இரண்டு பேரும் அந்தக் கொட்டைகளில் அடக்கம். 'சிட்னி' என்றதும் ஒரு பையன், "எம்டனை அடிச்ச கப்பலா?" என்று குதித்தான். ஆமாம்டா, அதேதான். 1914 செப்டம்பரில் நம் சென்னை மீது குண்டு போட்ட எம்டனை அதே நவம்பரில் கோகோஸ் தீவருகே முடித்த கப்பல்.

பாட்டி, பல்லாங்குழிக்குக் கொட்டை இல்லை என்று நேற்றே ஆள் அனுப்பியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். எண்ணிப் பார்த்தால் இரண்டு குறையும். அந்த வெள்ளை இரண்டையும் நான் வைத்துக்கொள்கிறேன்.