மண்ணைச் சோதிக்கிறோம், இலையை ஏன் சோதிப்பதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

சம்பா நட்டுக் கொஞ்ச நாளில் வயலில் திட்டுத் திட்டாக மஞ்சள் விழுந்தால், எங்கள் பக்கம் ஒரு குத்தைப் பிடுங்கிக்கொண்டு நேராக உரக்கடைக்குத்தான் போவோம். கடைக்காரர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஜிங்க் சல்பேட் போடுங்க என்பார், இல்லை யூரியா என்பார், கூடவே ஒரு மருந்து பாட்டிலும் பையில் ஏறிவிடும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தழைச்சத்துக் குறைவும் துத்தநாகக் குறைவும் துங்ரோ என்கிற வைரஸ் நோயும் வெறுங்கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் வந்திருப்பது துங்ரோவாக இருந்து நாம் யூரியாவை அள்ளி வீசினால், அதைப் பரப்புகிற பச்சைத் தத்துப்பூச்சிக்குத்தான் கொண்டாட்டம்.

துங்ரோவுக்குக் காரணம் இரண்டு வைரஸ்கள். இரண்டுக்கும் மேலே புரத உறை உண்டு, நோயில்லாத நெல்லில் அந்தப் புரதம் இருக்காது. அதை மட்டும் போய்ப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை வைத்து இலைச்சாற்றைப் பார்ப்பதுதான் எலைசா சோதனை. பயிர் வைரஸ்களுக்கு இது 1977லேயே வந்துவிட்டது. திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் திசு வளர்ப்பு வாழைக்கு வைரஸ் சோதனை நடக்கிறது. நெல்லுக்கு என்று வந்தால் நமக்குச் சொல்லித் தருவது அயோடின் சோதனை. விடிவதற்கு முன்னால் இலை நுனியை வெட்டி, அயோடின் கரைசலில் கால் மணி நேரம் ஊறவைத்து, கருநீலக் கோடு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். சரி, அதுவும் காட்டுவது இலையில் தேங்கிய மாவுச்சத்தைத்தான், வைரஸை அல்ல.

கொரோனா சமயத்தில் வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டு இரண்டு கோடு வருகிறதா என்று பார்த்தோமே, அதுவும் வைரஸின் புரதத்தைத் தேடியதுதான். உருளைக்கிழங்கு வைரஸ்களுக்கு வயலிலேயே பார்க்கிற சோதனைப் பட்டை (ஸ்ட்ரிப்) இருக்கிறது. துங்ரோவுக்கும் அப்படி ஒன்றை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமோ வேளாண் பல்கலைக்கழகமோ முன்னின்று செய்து, வட்டாரத்துக்கு வட்டாரம் வேளாண் விரிவாக்க மையத்தில் வைக்கலாம். அதுவரை, நாங்கள் கொடுக்கும் இலையை அங்கேயே வாங்கி எலைசாவுக்கு அனுப்பி, முடிவைப் போனில் சொன்னால்கூடப் போதும்.

சோதனை நோயைக் குணப்படுத்தாது, வைரஸுக்கு மருந்தும் கிடையாது. ஒரு ஸ்ட்ரிப் ஒரு நோயைத்தான் சொல்லும், பூஞ்சையால் வரும் குலைநோய்க்கு அது உதவாது. ஆனால் துங்ரோதான் என்று சீக்கிரம் தெரிந்தால் அந்தக் குத்துகளைப் பிடுங்கிப் புதைத்துவிட்டு, தத்துப்பூச்சி அடுத்த வயலுக்குத் தாவுவதற்குள் ஒரே வாய்க்காலில் பாயும் எல்லோருமாகச் சேர்ந்து மருந்து அடிக்கலாம். இல்லை என்று தெரிந்தால் மருந்துச் செலவே மிச்சம், சத்துக் குறைவை மட்டும் பார்த்தால் போதும். இலவசமாக வேண்டும் என்றும் கேட்கவில்லை, மண் பரிசோதனைக்குக் கொடுப்பதுபோல் இதற்கும் கட்டணம் கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு சம்பா விவசாயி,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்